பின்னால் கட்டிய சைக்கிள்கள்: அம்பர்நாத்திலிருந்து மால்ஷேஜ் வரை

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் சங்கத்து அன்பர்களில் பலர், அம்பர்நாத்தைக் கல்யாணுக்கு அப்பாலுள்ள ஒரு ஸ்டேஷன் என்ற அளவிலேயே அறிவர். கர்ஜத் செல்லும் பாதையில், உல்லாஸ்நகருக்கும் பத்லாப்பூருக்கும் இடையே, சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எங்கள் ஊர். ஸ்டேஷனுக்குக் கிழக்கே, வால்துனி ஆற்றின் கரையில், கருங்கல்லாலான பழைய சிவாலயம் ஒன்று உண்டு. அங்குள்ள கல்வெட்டு சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சிலாஹார மன்னர் காலத்துத் திருப்பணி அது. கருவறைக்குச் சுமார் 20 படிகள் கீழே இறங்க வேண்டும். இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால் திறந்த சிகரத்தின் வழியே வானம் தெரியும்.

இவ்வூரில் சைக்கிள் இன்னும் மதிப்பிழக்கவில்லை. அதிகாலை லோக்கலைப் பிடிக்க விரைவோரும், தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வோரும், பள்ளிப் பிள்ளைகளும் அதனை நம்பியே இருக்கின்றனர். எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலுமாக நான்கு சைக்கிள்கள் உள்ளன. அந்நான்கையும் ஏற்றிக்கொண்டு மால்ஷேஜ் மலைக்கணவாய்க்குச் சென்று வந்த கதையையே இங்கே எழுதப் புகுந்தோம். மலையின் அழகை வருணிப்பது எங்கள் முதல் நோக்கமன்று. வழியில் நாங்கள் செய்த ஒரு பிழையை நம்மவர் வேறு எவரும் செய்யலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

மழைக்காலம் ஓய்ந்த ஓர் அக்டோபர் மாதம். அடுத்த வீட்டு நண்பரிடம் பின்னால் கொக்கி பொருத்திய பெரிய மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. அதனோடு இணைத்து இழுத்துச் செல்லத்தக்க கேரவன் ஒன்றை அவர் மூன்று நாட்களுக்கு வாடகைக்குப் பேசினார். படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அமைந்த சக்கர வீடு அது. மேல்நாட்டார் இதனை டிராவல் டிரெய்லர் என்பர். மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் 2021 ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தன. எனினும், நம் நாட்டில் காணப்படும் கேரவன்களிற் பெரும்பாலானவை பஸ்ஸைப் போல ஒரே உடலாக ஓடுபவை. பின்னால் இழுத்துச் செல்லும் வகை அருமையாகவே கண்ணில் படும். ஆகவே அதன் இயல்பை அறிந்தவர் எங்களுள் ஒருவரும் இலர்.

பெரியவர் நால்வர், பிள்ளைகள் மூவர். மலைமேல் சைக்கிள் விட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. டிரெய்லரின் பின்புறத்தில், அகலவாட்டில், சதுரமான இரும்புக் குழாய் ஒன்று பம்பர்போல் அமைந்திருந்தது. பார்வைக்குத் திடமாகத் தோன்றவே, அதன்மேல் சைக்கிள் தாங்கி ஒன்றைப் பற்றவைக்கச் செய்தோம். முந்தைய நாள் மாலை நான்கு சைக்கிள்களையும் அதிலேற்றி, பட்டைகளால் இறுக்கிக் கட்டினோம். ஒன்றன் கைப்பிடி மற்றொன்றன் சக்கரத்தில் இடியாதபடி மாற்றி மாற்றி நிறுத்தி, இடையே பழைய துணிகளையும் திணித்தோம். கட்டி முடித்தபோது எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் அவ்வழியே வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் வந்து, இங்கேயே தலை நரைத்தவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பட்டைகளை இழுத்துப் பார்த்தார்.

“தம்பி, சைக்கிளை நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. இந்தத் தாங்கியை எது தாங்குதுன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“வெல்டிங் வைத்திருக்கிறது, அண்ணாச்சி, அசையாது” என்றோம்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. “நல்லா போயிட்டு வாங்க” என்று வாழ்த்திவிட்டு நடந்தார்.

மறுநாள் விடியுமுன் சிவாலயத்தின் வாயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். பத்லாப்பூரைக் கடந்ததும் ஊர்ப்புறம் விரிகிறது. நெற்பயிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. பார்வி அணையின் நீர்ப்பரப்பு இளவெயிலில் வெள்ளித் தகடுபோல் மின்னியது. சுற்றுப்புறத் தொழிற்பேட்டைகளுக்கும் ஊர்களுக்கும் தண்ணீர் தரும் அணை அது. அங்கிருந்து முர்பாட் சேர்ந்து, கல்யாணிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். முன்னர் அகமதுநகர் என வழங்கிய ஊரே இப்போது அகில்யாநகர் எனப்படுகிறது. முர்பாட்டில் தேநீரும் வடாபாவும் ஆயின. சைக்கிள் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம், ஒன்றும் தளரவில்லை. மகிழ்ச்சியோடு மறுபடியும் ஏறி அமர்ந்தோம். குழாயை மட்டும் எவரும் பார்க்கவில்லை.

சரள்காவைத் தாண்டி டோக்காவடேயை நோக்கிச் செல்கையில் ஒரு வேகத்தடை வந்தது. நண்பர் வேகத்தைத் தணித்தே ஏற்றி இறக்கினார். எங்கோ ‘டக்’கென்று ஓர் ஓசை கேட்டது, அடுப்படிப் பாத்திரம் உருண்டது என்றெண்ணிவிட்டோம். இழுக்கும் வண்டியின் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கங்கள் தெரியுமே தவிர, அதன் பின்புறம் தெரியாது. இன்னும் சிறிது தூரம் சென்றிருப்போம். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் விடாமல் ஒலியெழுப்பிக்கொண்டு எங்களை முந்தி வந்து, குறுக்கே நின்றது. ஓட்டியவருக்குப் பின்னே அவர் மனைவி. முன்னே, பெட்ரோல் தொட்டியின்மேல், நான்கு வயதிருக்கும் ஒரு குழந்தை.

இறங்கி ஓடிப் பார்த்தோம். தாங்கியின் ஒரு பக்கம் தரைக்குச் சரிந்திருந்தது. கடைசியாகக் கட்டியிருந்த எங்கள் மகளின் சைக்கிள் ஒரே பட்டையில் தொங்கி, சக்கரம் தார்ச்சாலையில் உரசி உருக்குலைந்திருந்தது. தாங்கி சரிந்த வேகத்தில் அது தம்மேல் வந்து விழும் என்று அஞ்சி, அவர் சாலையை விட்டு ஜல்லியில் இறங்கியிருக்கிறார். வண்டி சறுக்கியும் கீழே விழாமல் சமாளித்தது தெய்வச் செயல் என்றே சொல்ல வேண்டும்.

அவர் எங்களை வசைபாடவில்லை. மராத்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது விழுந்தால் உங்களுக்குச் சைக்கிள் போகும். எங்களுக்கு?”

எங்களால் விடை கூற இயலவில்லை. பத்தாம் வகுப்பில் தேறியதற்காக வாங்கித் தந்த சைக்கிள் அது. மகள் அதனைத் திரும்பியும் பாராமல், “அப்பா, அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்டாள். குழந்தையோ எங்கள் சக்கர வீட்டை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் கோபம் தணிந்து, சைக்கிள்களை அவிழ்த்து இறக்கும் வரையில் எங்களோடு நின்று கைகொடுத்தார். அதன் பின்னரே தம் வழிச் சென்றார்.

பிழை எங்கே என்று ஆராய்ந்தோம். பட்டை ஒன்றும் அறவில்லை. பற்றவைத்த இடமும் விடவில்லை. அவ்விடத்தைச் சுற்றிக் குழாய்தான் தகரம்போல் கிழிந்திருந்தது. ஊர் திரும்பிய பின் இதுபற்றித் தேடிப் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. டிராவல் டிரெய்லர்கள் மிகுந்த அமெரிக்காவில் இது பலரும் பட்டறிந்த விஷயம். அங்கே டிரெய்லரின் பின்னுள்ள நாலங்குலச் சதுரக் குழாய், கழிவுநீர்க் குழலைச் சுருட்டி வைப்பதற்காக மெல்லிய தகட்டில் செய்யப்படுவது; பாரம் சுமப்பதற்கு ஏற்பட்டதன்று. சைக்கிள் தாங்கி செய்யும் நிறுவனங்கள் பலவும், மோட்டார் காருக்கென்று செய்த தாங்கியை டிரெய்லரில் பொருத்தலாகாது என்று எச்சரிக்கின்றன.

காரில் நிற்கும் தாங்கி டிரெய்லரில் ஏன் நிற்பதில்லை? கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு டிரெய்லரில் கொக்கியிலிருந்து சக்கர அச்சு 4 மீட்டர், அச்சிலிருந்து சைக்கிள் தாங்கி 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி ஒரு கீல் போன்றது. பள்ளத்தில் அச்சு 4 அங்குலம் தாழ்ந்தால், கொக்கியிலிருந்து 7 மீட்டர் தள்ளியுள்ள வால் ஏறத்தாழ 7 அங்குலம் தாழும். மறுகணம் அவ்வளவும் மேலே எழும். ஒவ்வொரு பள்ளத்திலும் சைக்கிள்கள் இவ்வாறு துள்ளித் துள்ளி இழுக்கும்போது, நின்ற நிலையில் 60 கிலோ எடையுள்ளவை அதனினும் பன்மடங்கு பலத்தோடு குழாயை முறிக்கப் பார்க்கின்றன. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிப்பது போலத்தான் இதுவும்.

இரண்டாவது அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான விதி. இது குறைந்தால் வேகத்தில் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் ஆட்டிக் கவிழ்த்துவிடக் கூடும். 1,000 கிலோ டிரெய்லரில் கொக்கிப் பாரம் 120 கிலோ இருப்பதாகக் கொள்வோம். சைக்கிள்கள் 60 கிலோ, தாங்கி 20 கிலோ, ஆக 80 கிலோவை வாலில் தொங்கவிட்டால், நெம்புகோல் கணக்குப்படி 80ஐ 3ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க, 60 கிலோ கொக்கியிலிருந்து தூக்கப்பட்டுவிடும். எஞ்சுவது 60 கிலோ. மொத்த எடையாகிய 1,080 கிலோவில் நூற்றுக்கு ஆறு பங்குகூட இல்லை. காய்கறிக் கடைத் தராசில் கல்லை நகர்த்தினாற்போலத்தான். பாரம் என்ன என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இத்தகைய பயணத்தை மேற்கொள்ளும் அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டியவற்றைச் சொல்லுகிறோம். இழுக்கும் காரின் கூரைமேல் சைக்கிளுக்கென்றே செய்த தாங்கி இருக்குமாயின் அதுவே நலம். அஃதின்றேல் டிரெய்லரின் உள்ளே, அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னே, தரையில் கிடத்திக் கட்டுக. பின்புறத்தில்தான் வைத்தாக வேண்டுமெனில், பம்பர்க் குழாயை நம்பாமல், டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு பிணைத்த கொக்கியில், டிரெய்லருக்கென்றே செய்த தாங்கியைப் பொருத்துக. கொக்கிக்கும் தாங்கிக்கும் இடையே ஆட்டம் சிறிதும் இருத்தலாகாது; கையால் பிடித்து உலுக்கினால் டிரெய்லரே அசைய வேண்டுமேயன்றித் தாங்கி தனியே அசையக் கூடாது. தாங்கிக்கு எழுதியுள்ள எடை வரம்பைப் பார்த்து, சைக்கிள்களை நிறுத்தே ஏற்றுக. பழைய காலத்துக் கனமான சைக்கிள் 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். மின்சார சைக்கிளாயின் பாட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்வது நன்று.

கட்டும் முறையிலும் கவனம் தேவை. பழைய டியூபை வெட்டிக் கட்டுவது நம்மவர் வழக்கம். கேரியரில் அரிசி மூட்டைக்கு அது போதும். இங்கே உதவாது, ஏனெனில் ரப்பர் நீண்டு கொடுக்கும். நைலான் கயிறும் பாரத்தில் நீளும். பற்சக்கரத்தால் இறுக்கும் பட்டைகளே தக்கவை. ஒவ்வொரு சைக்கிளின் இரு சக்கரங்களையும் சட்டத்தையும் தனித்தனியே கட்டி, அனைத்தையும் சேர்த்து வேறொரு பட்டையால் டிரெய்லரின் அடிச்சட்டத்தோடும் பிணைக்க வேண்டும். தாங்கியே முறிந்தாலும் சைக்கிள் சாலையில் விழாது. முன்சக்கரம் திரும்பாதபடி கைப்பிடியைக் கட்டுக. காற்றுப் பம்பு, தண்ணீர்ப் புட்டி, பூட்டு ஆகியவற்றைக் கழற்றிவிடுக. தார்ப்பாய் போர்த்தினால் அது பாய்மரம்போல் காற்றை ஏந்தி இழுக்கும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு முறையும், பின்னர் நிற்குமிடந்தோறும், கட்டை மட்டுமன்றிப் பொருத்திய இடத்தையும் பாருங்கள். பெயின்ட் விரிந்திருந்தாலும் கோடுபோல் துரு தெரிந்தாலும் அங்கேயே இறக்கிவிடுங்கள்.

மோட்டார் காரின் பின்னே கட்டுவோருக்கும் ஒரு சொல். சைக்கிளின் நீளம் பெரும்பாலும் காரின் அகலத்தை விஞ்சும். சக்கரங்கள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். டயர் புகைக்குழாயின் நேரே வந்தால் வெப்பத்தில் கெடும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019 இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதித்த அளவை மீறிப் பக்கத்திலோ பின்னாலோ பாரம் நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். பாரத்தை இறக்கும் செலவும் நம்மையே சாரும். பின்விளக்கும் எண் பலகையும் மறைதல் ஆகாது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இப்படிப் பின்னே நீளும் பாரத்தின்மேல், சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்கோடிட்ட, 50 சென்டிமீட்டர்ச் சதுரப் பலகை தொங்க வேண்டும் என்பது விதி. பின்வருவோன் கண்ணுக்கு அது தொலைவிலேயே படும்.

இனி எங்கள் பயணத்துக்குத் திரும்புவோம். மெத்தைகளைச் சுருட்டி ஒதுக்கி, சைக்கிள்களை டிரெய்லரின் உள்ளே அச்சின்மேல் கிடத்திக் கட்டிக்கொண்டு, மெல்ல மலையேறினோம். மால்ஷேஜ் கணவாயில் மழைக்காலத்து அருவிகள் மெலிந்து நூலாய் இறங்கிக்கொண்டிருந்தன. செங்குத்தான கரும்பாறைச் சுவர்களின்மேல் பசுமை இன்னும் வாடவில்லை. மறுநாட் காலை, கணவாய்க்கு அப்பால், பிம்பள்காவ் ஜோகா அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய சமவெளியில் பிள்ளைகள் சைக்கிள் விட்டனர். மூன்று சைக்கிள்களைப் பெரியவரும் சிறியவருமாக முறைவைத்து ஓட்டினோம். மூடுபனி விலகிய அவ்வேளையில் அவர்களுடைய சிரிப்பொலி கேட்டபோது, வந்தது வீண்போகவில்லை என்றே தோன்றியது. ஆயினும், ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து செல்லும்போதெல்லாம் எங்கள் நெஞ்சு துணுக்குற்றது.

ஊர் திரும்பியதும் நொறுங்கிய சக்கரத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் கடைக்குச் சென்றோம். நடந்ததை ஒளியாமல் கூறினோம். ‘அன்றே சொன்னேனே’ என்று அவர் குத்திக் காட்டவில்லை. “குழாயை விரலால ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருந்தா, அதுவே சொல்லியிருக்கும் தம்பி” என்றார். புது ரிம் போட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டுக் காட்டினார். இப்போது மகள் அதிலேதான் பள்ளி செல்கிறாள்.

ரயில்வேயில் ஊழியம் செய்யும் எங்களுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். ரயில் ஒன்று ஸ்டேஷனைக் கடக்கும்போது எஞ்சின் போனதோடு ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே சென்றுவிடுவதில்லை. கடைசிப் பெட்டியில் ‘எல்.வி.’ என்ற பலகையோ சிவப்பு விளக்கோ கண்ணிற்படும் வரையில் நின்று பார்ப்பார். அதைக் கண்ட பின்னரே, வண்டி அறுபடாமல் முழுமையாக வந்தது என்று கொள்வார். காணாவிடில் பின்னே வரும் வண்டிக்கு வழிவிட மாட்டார். பின்னே வருவோரின் உயிர் அந்த ஒரு பார்வையில் இருக்கிறது. சாலையில் நமக்கு ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. ஆகவே வண்டியை எடுக்குமுன் பின்னால் நடந்து சென்று பார்க்க வேண்டியவர் நாமே. அடுத்த முறை சைக்கிளோடு புறப்படும் அன்பர்கள், கட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்ததோடு நில்லாது, அண்ணாச்சி கேட்ட கேள்வியையும் ஒரு முறை கேட்டுக்கொள்வார்களாக.